சீல் வைத்த விடுமுறை

அவள் கேட்டது ஐந்து நாள் லீவு. கிடைத்தது ஒரு புத்தகம்.

பல்செட் செய்யும் கூடத்தில், மெழுகில் பல் பதிப்பது அவள் வேலை. மகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியே மூன்று பள்ளி விடுமுறைகளை ஓட்டியிருந்தாள். இந்த முறை இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தாள். முதலாளி பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தடித்துவிட்டு, கடைசியில் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"ஆர்டர் குவிஞ்சு கெடக்கும்மா. பாப்பாவுக்கு இதக் குடு. கடலுக்கே போன மாதிரி இருக்கும்."

அவருக்குக் கூடத்தில் வைத்த பெயர் சீலு. எந்தத் தாளைக் கண்டாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, சீலையும் குத்திவிடுவார். சுவர்க் காலண்டரில்கூட அவர் சீல் உண்டு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழி நெடுக அவரை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். இந்த ஆளுக்கு என்றைக்காவது பல் விழட்டும், மேல்வரிசையைக் கீழே வைத்துக் கொடுக்கிறேன் என்று கறுவினாள்.

இதில் கொடுமை என்னவென்றால், புத்தகம் நன்றாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம் ஒன்று கடலுக்குப் போகிறது. ரயில் ஜன்னலுக்கு வெளியே நான்கு கழுத்துகள். கரையில் குட்டிகள் இரண்டும் அப்பாவை மணலில் புதைக்கப் பார்க்கின்றன. பொழுது சாய்ந்தும் கழுத்து முடிந்தபாடில்லை. அடுத்த பக்கம் முழுக்க அப்பா பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்த மனுஷன் கொடுத்ததற்குப் போய்ச் சிரித்தோமே என்று கோபம் இரட்டிப்பானது.

மூன்றாவது தடவை படித்து முடித்ததும் மகள் நீலக் கடல் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, இது போறதுக்கு முன்னாடி படிக்கிறதா, போறதுக்குப் பதிலா படிக்கிறதா?"

அவள் முகத்தை மறைக்கப் புத்தகத்தை வாங்கிச் சும்மா புரட்டினாள். முதல் பக்கத்தில் ஒரு வாழ்த்து அச்சிட்டிருந்தது: 'இந்த விடுமுறை உங்களுக்கே. மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்.' கீழே பெயர், முதல் நாள், கடைசி நாள் என்று கோடுகள். பழக்க தோஷத்தில் சீலு பெயருக்கான கோட்டில் அவள் பெயரையும் பிரிவையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்திருந்தார். தேதிகள் மட்டும் காலியாக இருந்தன. அவள் பேனாவைத் தேடினாள்.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மேஜைமேல் வைத்தாள். இது அன்பளிப்புப் புத்தகம், லீவு லெட்டர் இல்லை என்று அவர் எகிறினார்.

"உங்க கையெழுத்து, உங்க சீல். தேதி விட்டுப்போயிருந்துச்சு, நான் போட்டுட்டேன். நாளையிலேர்ந்து அஞ்சு நாள்."

பக்கத்தில் பல் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்த சக ஊழியர் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். சீலு தன் சீலையே வெறித்துப் பார்த்தார்.

"பல்லு கேட்டு வர்றவங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

அவள் புத்தகத்தைப் புரட்டி, ஒட்டகச்சிவிங்கி சிரிக்கும் பக்கத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதக் காட்டுங்க சார். பல்லு வெச்ச மாதிரியே இருக்கும்."