துணைக்குப் போனவர்

ஸ்வர்ணா மறுபடியும் மாடியேறிப் போய்க் கணவரின் மேஜை இழுப்பறையைத் துழாவினாள். கண்ணாடிக் கூடு இருந்தது, பாதி தீர்ந்த தைலப் பாட்டில் இருந்தது, நங்கநல்லூர் வீட்டுச் சாவிகூட இருந்தது. அவருடைய போனைத்தான் காணோம். கீழே வந்து சமையலறையில் பார்த்தாள், சோபா மெத்தைகளுக்கு இடையே கைவிட்டுப் பார்த்தாள். கடைசியில் அது மகன் நவநீத்தின் சட்டைப் பையில் இருந்தது. சென்னையிலிருந்து வரும் விசாரிப்புகளுக்கெல்லாம் அவன்தான் கராஜுக்கும் பின்பக்கத்துப் புல்தரைக்குமாக நடந்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அதைக் கொஞ்சம் குடேன்" என்றாள்.

"எதுக்கும்மா? எல்லார்கிட்டயும் நானே பேசிடறேன். நீ போய் உக்காரு."

உக்காரு. புதன்கிழமையிலிருந்து அவளிடம் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். அன்று காலை குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டு போன அவள் கணவர் வெங்கடகிருஷ்ணன், அதன் கைப்பிடியை விடாமலே சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊராக இருந்தால் அன்று சாயங்காலமே எடுத்துவிட்டு வீட்டைக் கழுவி விட்டிருப்பார்கள். இங்கே அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில், சனிக்கிழமை காலைதான் தகனத்துக்கு நேரம் கிடைத்தது. அதுவரை அவர் ஃபியூனரல் ஹோமின் குளிர் அறையில் இருந்தார். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. யார் யார் வீட்டிலிருந்தோ அலுமினியத் தட்டுகளில் சாப்பாடு வந்து இறங்கியது. போனவரும் வீட்டில் இல்லை, செய்ய ஒரு வேலையும் இல்லை, வெறும் துக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாழி உட்கார்ந்திருப்பாள்? அவள் ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், துவைத்து மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மருமகள் ரக்ஷா அவள் தோளைத் தொட்டாள். "போட்டோஸ் பாக்கணுமாம்மா? எல்லாம் கிளவுட்ல இருக்கு. ஒண்ணும் போகாது" என்று மெதுவாகச் சொன்னாள். நல்ல பெண். ஆனால் ஸ்வர்ணாவுக்கு வேண்டியது போட்டோ இல்லை.

அந்தப் போனில்தான் ப்ரெய்ரி ஹாக்ஸ் அணியின் ஆப் இருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஏழு மணிக்கு மேட்ச். முழங்காலில் அடிபட்டு ஒரு மாதமாக ஆடாமலிருந்த கோல்கீப்பர் டேவின் ஓல்சன் இன்று இறங்குகிறானா என்பது மத்தியானமே அதில் வந்திருக்கும். அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். தாலி கட்டியவர் குளிரில் கிடக்கிறார், உனக்கு ஐஸ் ஹாக்கி கேட்கிறதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் கேட்டது.

ஊருக்கெல்லாம் தெரிந்த கதை வேறு. வெங்கடகிருஷ்ணனுக்குத்தான் ஹாக்கிப் பைத்தியம், ஸ்வர்ணா பாவம் துணைக்குப் போகிறாள் என்பதுதான் எல்லோருக்கும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன் நவநீத்தின் ஆபீஸில் ஓசி டிக்கெட் கொடுத்தார்கள். அவனுக்கும் ரக்ஷாவுக்கும் ஒழியவில்லை. வீணாகப் போகிறதே என்று இவர்கள் இருவரும் போனார்கள். வெங்கடகிருஷ்ணன் அரைமணி நேரம் பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார், பிறகு மங்கி குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போனார். ஸ்வர்ணா கண்ணை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கும்பகோணத்தில் கல்லூரி அணிக்காகப் பூப்பந்து ஆடியவள் அவள். கழுத்தில் மூன்று முடிச்சு விழுந்ததோடு மட்டை பரணுக்குப் போனது. அன்று அந்தப் பனித்தரையில் பையன்கள் திரும்புவதையும் நிற்பதையும் பார்த்தபோது அவளுடைய கால் விரல்கள் செருப்புக்குள் தாமாகவே நகர்ந்தன.

அது சின்ன லீக். ஆடுகிறவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான். பெரிய அணி எப்போது மேலே கூப்பிடும் என்று ஒவ்வொருவனும் காத்திருப்பான். போன வாரம் ஆடியவன் இந்த வாரம் இருக்கமாட்டான். மேலே போயிருப்பான், இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பான். யார் மேலே போவான், யார் தேறமாட்டான் என்பது ஸ்வர்ணாவுக்கு எப்படியோ பிடிபட்டது. அது பிடிபடும்போது வந்த சந்தோஷத்தை அவள் முப்பது வருஷ பேங்க் உத்தியோகத்தில் ஒருநாள்கூட அனுபவித்ததில்லை.

ஸ்வர்ணா வெள்ளிக்கிழமைதோறும் மேட்சுக்குப் போகிற விஷயம், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிய அந்த வருஷப் பொங்கல் பாட்லக்கில் வெளியே வந்தது. குடும்ப நண்பர் சிவராமகிருஷ்ணன் கையில் தட்டோடு சிரித்தார். "மாமி, உங்களுக்கு ஹாக்கியா? பல்லு ஒடையற ஆட்டமாச்சே அது?" கூடமே சிரித்தது. ஸ்வர்ணாவுக்கு முகம் சுருங்கிப் போனது. உடனே வெங்கடகிருஷ்ணன் குறுக்கே விழுந்தார். "அவளுக்கு இல்லைப்பா, எனக்குத்தான் இந்தப் பைத்தியம். அவ பாவம், துணைக்கு வரா" என்றார். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவர் அதை வாங்கிக்கொண்டு, பாயசத்துக்கு நகர்ந்தார்.

அதிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. யாராவது அடுத்து மேலே போகப்போகிறவன் யார் என்று கேட்டால் வெங்கடகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் அவள் பக்கம் சாய்வார். அவள் வாய்க்குள்ளேயே பதிலைச் சொல்வாள். அவர் அதை வாங்கிக் கூடத்துக்கே கேட்கும்படி அறிவிப்பார். பெரும்பாலும் பலித்தது. சிவராமகிருஷ்ணன் அவரை ஒரு ஞானி அளவுக்கு மதிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நவநீத் அப்பாவுக்கு அணியின் பனியன், குல்லாய், கழுத்துத் துணி என்று வாங்கிக் கொடுத்தான். அம்மாவுக்குப் புடவை. வெங்கடகிருஷ்ணன் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போய்த் தூங்கினார்.

ஆறரை மணிக்கு நவநீத் கூடத்துக்கு வந்தான். சிவராமகிருஷ்ணனும் அவர் மனைவி அபயாம்பாளும் ரசமும் சாதமும் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் சீசன் டிக்கெட் விஷயமாக அணியின் ஆபீஸுக்கு எழுதியதாகவும், இன்று மேட்ச் தொடங்குமுன் அப்பா படத்தைப் பெரிய திரையில் காட்டி மௌனம் அனுசரிக்கப் போவதாக அவர்கள் பதில் எழுதியதாகவும் சொன்னான். துக்க வீட்டில் டிவி போடலாமோ என்று அபயாம்பாள் இழுத்தாள். சாருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று சிவராமகிருஷ்ணன் அவளை அடக்கினார்.

டிவியில் அரங்கம் வந்தது. விளக்குகளை அணைத்தார்கள். பனித்தரைக்கு மேலே தொங்கிய திரையில் வெங்கடகிருஷ்ணன் குல்லாயோடு சிரித்தார். ஸ்வர்ணா எடுத்த படம் அது. தூக்கத்திலிருந்து எழுப்பி எடுத்தது. பெயரை "வெங்கட்" என்று மட்டும் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்றார்கள். ரக்ஷா விம்மினாள், நவநீத் முகத்தை மூடிக்கொண்டான். ஸ்வர்ணாவின் கண் திரையின் ஓரத்துக்குப் போனது. கோல் வலைக்கு முன்னால் ஒருவன் தலை குனிந்து நின்றிருந்தான். முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். டேவின். இறங்குகிறான்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள், நான் யாரைப் பார்க்கிறேன்?

ரக்ஷா ரிமோட்டை எடுத்தாள். "அணைக்காதே" என்றாள் ஸ்வர்ணா.

அவருடைய ஆசைக்காகக் கேட்கிறாள் என்று எல்லோரும் நினைத்து, சரி சரி என்று விட்டுவிட்டார்கள். சிவராமகிருஷ்ணன் தம்பதி கிளம்பினார்கள். துக்க வீட்டிலிருந்து போகும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். ஸ்வர்ணா மூன்று நாளில் முதல்முறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்தாள். நவநீத் பக்கத்தில் வந்து அமர்ந்தான். அவன் பார்த்தது அம்மாவின் துக்கத்தை. அவள் பார்த்தது டேவினின் முழங்காலை. கால் சரியாகத்தான் இருந்தது, ஆனால் பையனிடம் ஒரு பதற்றம் இருந்தது.

"முட்டி போட அவசரப்படறான்" என்று அவளையறியாமல் சொன்னாள். "மேல காலியா விடறான் பாரு. தோளுக்கு மேல போகப்போறது."

எதிரணிக்காரன் அடித்தான். டேவின் அதற்குள் முழங்காலில் விழுந்திருந்தான். கறுப்பு வட்டு அவன் தோளைத் தாண்டி வலைக்குள் போனது.

நவநீத் திரும்பி அவளைப் பார்த்தான். "அப்பா சொல்லிக் குடுத்தாராம்மா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் ஆமென்று தலையை ஆட்டிவிட்டாள். அவன் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பேசுவதற்காக எழுதி வைத்ததைப் படித்துக் காட்டினான். அமெரிக்காவில் அப்பாவுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் ஹாக்கி, அந்த அரங்கம்தான் அவருக்கு இரண்டாவது வீடு, இப்படிப் போனது அது. நன்றாக எழுதியிருந்தான். நல்லா இருக்குப்பா என்றும் சொல்லிவிட்டாள்.

அன்று அவள் தூங்கவில்லை. அவர் செய்யாததையெல்லாம் அடுக்கி அவரை அனுப்பப் போகிறார்கள். அவர் செய்தது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்தால் நாலு பேர் முன்னால் அவரைப் பொய்யராக்குவது போலாகும், தானும் சிரிப்புக்கு ஆளாக வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் அந்த ஆறு வருஷமும் அவரோடு எரிந்துபோகும். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டால் அதற்குப் பிறகு சொல்லி என்ன, சொல்லாமல் என்ன.

சனிக்கிழமை காலை ஃபியூனரல் ஹோமில் எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஹாலைப் பன்னிரண்டுக்குள் காலி செய்யவேண்டும் என்பதால் வாத்தியார் மந்திரங்களை விரட்டினார். மயில்கண் வேஷ்டியில் வெங்கடகிருஷ்ணன் யாருடைய அவசரத்திலும் பட்டுக்கொள்ளாமல் படுத்திருந்தார். சுவரோரத்துப் பலகையில் நவநீத் படங்களை ஒட்டியிருந்தான். பாதிக்கு மேல் ஹாக்கிப் படங்கள். ஸ்வர்ணா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

நவநீத் மைக் முன்னால் காகிதத்தைப் பிரித்தான். "அப்பாவைப் பத்திப் பேசணும்னா ஹாக்கியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்றான்.

அவள் எழுந்து நின்றாள்.

"நவநீ, ஒரு நிமிஷம். அப்பாவுக்கு ஹாக்கி பிடிக்காது."

பாவம், மனசு பேதலித்துவிட்டது என்று சிலர் தரையைப் பார்த்தார்கள். ரக்ஷா பிடித்து உட்காரவைக்க ஓடிவந்தாள். ஸ்வர்ணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர உட்காரவில்லை.

"எனக்குத்தான் பிடிக்கும். வெளில சொல்லிக்க வெக்கமா இருந்தது. அதனால தனக்குன்னு சொல்லிண்டார். ஆறு வருஷமா அந்தக் குளிர்ல எனக்காக வந்து தூங்கினார்."

பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். நவநீத் காகிதத்தைப் பார்த்தான், படப் பலகையைப் பார்த்தான். மைக்கை மறந்து, வீட்டில் கேட்பதுபோல் கேட்டான்.

"அப்போ அப்பாவுக்கு என்னதாம்மா பிடிக்கும்?"

அவள் யோசித்தாள். என்னமோ இருந்திருக்கும். எதையாவது விட்டுவிட்டுத்தானே அத்தனை வெள்ளிக்கிழமையும் வந்திருப்பார். அவள் கேட்டதே இல்லை. அழுகை அப்போதுதான் வந்தது, புதன்கிழமையிலிருந்து வராத அழுகை. நவநீத் காகிதத்தை நாலாக மடித்துவிட்டு அவளிடம் வந்தான்.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து, வாய்க்கரிசிக்கு வரச்சொன்னார். ஒவ்வொருவராக வந்து அரிசியை இட்டு நகர்ந்தார்கள். ஸ்வர்ணா அவர் தலைமாட்டில் நின்றாள். சிவராமகிருஷ்ணன் முறை வந்தபோது அவர் அரிசியை வைத்துக்கொண்டு தயங்கினார். அவளை நேராகப் பார்க்கவில்லை.

"அப்போ அந்த டேவினைப் பத்தியெல்லாம் சார் சொன்னது..."

"நான்தான்."

அவர் தலையாட்டினார். போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. "இந்த சீசன்ல மேல போயிடுவானா மாமி?" என்று கேட்டார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஸ்வர்ணா பெட்டியின் பக்கம் லேசாகச் சாய்ந்து, வழக்கம்போல வாய்க்குள்ளேயே பதிலைச் சொன்னாள். சிவராமகிருஷ்ணன் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையும் நின்றது.

"கேக்கலை மாமி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்" என்றாள், வரிசையில் கடைசியாக நின்றவர்களுக்கும் கேட்கும்படி.