முடிச்சில்லாத வேர்

விதைத்த நாற்பதாம் நாள், அக்காவின் வயலில் மூன்று இடங்களில் ஐந்தைந்து கொண்டைக்கடலைச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்துவிடும் என்று நான் போகும் வேளாண்மை மாலை வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. மறுபடியும் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசினேன். வேர் புழுவைப் போல மொழுமொழுவென்று வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். பகலில் நான் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். உயிர் உரப் பாக்கெட்டில் இருப்பது நுண்ணுயிர்; வேரில் முடிச்சுகட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்ப்பது அதுதான். குளிர்ச்சியில் வைக்க வேண்டியதை முதலாளி தகரக் கூரைக்கடியில் பரணில் போட்டிருந்தார்.

"வெந்து கிடக்குது முதலாளி. தேதியும் முடிஞ்சிருச்சு."

காது குடைந்த குச்சியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கண்ணுக்கே தெரியாத சாமான்ப்பா. உசுரு இருக்கா இல்லையான்னு எவன் நாடி பிடிச்சுப் பாக்கப் போறான்? துடை."

தின்னரில் பஞ்சை நனைத்து முப்பது பாக்கெட்டிலும் தேதியைத் துடைத்தேன். அவர் புதுத் தேதி குத்தினார்.

அக்கா அதில் நான்கு வாங்கியபோது நான் கடையில் இல்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் அன்று மாலை அவள் அந்த உரத்தைக் கலந்த வெல்லக் கரைசலில் விதையைப் புரட்டுவதைப் பார்த்தேன். பாதியாவது பிழைத்திருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அது குத்தகை நிலம். இந்த விளைச்சல் தேறினால்தான் அடுத்த வருடமும் அவள் கையில் இருக்கும். இதுவரை யாரும் அங்கே கொண்டைக்கடலை விதைத்ததுமில்லை. மண்ணில் அந்த நுண்ணுயிர் தானாக இருக்க வழியில்லை.

வரப்பில் அக்கா வந்து நின்றாள்.

"அடியிலை எல்லாம் மஞ்சளடிக்குதுடா. மணிச்சத்து பத்தலையாம், இன்னும் ரெண்டு மூட்டை சூப்பர் பாஸ்பேட் போடச் சொல்றாரு உங்க முதலாளி."

"விதைக்கும்போது போட்டதே போதும்க்கா. இது தழைச்சத்து இல்லாத மஞ்சள். யூரியாவைக் கரைச்சு இலையில தெளிக்கணும்."

"முடிச்சு வந்தா யூரியாவே வேண்டாம்னு நீதானே பெரிய வாத்தியாராட்டம் சொன்னே?"

பரண், பஞ்சு, தின்னர் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குனிந்து, நான் அலசிய வேரைக் கையில் எடுத்தாள். "நான் விதை புரட்டறப்ப பக்கத்துல நின்னு டீ குடிச்சியேடா."

"அக்கா..."

"அக்காவாம் அக்கா! போய்த் தெளிப்பானை எடு. நாளைக்கு இந்தச் செடியோட கடைக்கு வரேன். கல்லாவுக்கு உள்ளயா வெளியவா, எங்க நிக்கிறதுன்னு முடிவு பண்ணிக்கோ."

மறுநாள் கடையில் கூட்டமிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, செடிகளைக் கல்லாமேல் போட்டாள். முதலாளி ஒரு வேரைத் தூக்கிப் பார்த்தார். "மண்ணு சரியில்லம்மா."

அதே குச்சி அவர் காதில் இருந்தது. நான் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பாக்கெட்ல தேதியைத் துடைச்சது நான்தான். உள்ள இருந்தது எல்லாம் செத்துப்போனது," என்றேன்.

வரிசையில் நின்ற ஒருவர் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதலாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், செருப்பில் ஒட்டிய அசிங்கத்தைப் பார்ப்பதுபோல. அக்கா எனக்காகக் குறுக்கே வரவில்லை.