பதிவேட்டின் முதல் வரி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு காரணமும் சொல்லலாம், சொன்னால் பொய்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு இது நாற்பதாவது ஆண்டு. விழா மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி கமிட்டி ராமதாஸ் போன் செய்தார். எழுதத் தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதானாம். உச்சி குளிர்ந்துபோய் ஒப்புக்கொண்டேன். அப்புறம்தான் சொன்னார், அங்கே பிறந்த முதல் குழந்தை என்று அன்புச்செல்விக்கு மேடையில் சால்வை போடுகிறார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

2

முதல் தொடக்கம்: 'ஊரார் கூடி, வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த ஒரு மல்லாட்டை குடோனைக் காலிசெய்து, எட்டுக் கட்டில் போட்டு...'

(மலருக்கு இது போதும். எனக்குப் போதவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'அந்த ஆஸ்பத்திரியின் முதல் நர்ஸ் கஸ்தூரி என் தாய். அவரை நான்...'

அந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருந்தது. இப்போது முடிக்கிறேன்: அவரை நான் ஆறு வயதுவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். விடிந்தால் ஊரே சிஸ்டர், சிஸ்டர் என்று கதவைத் தட்டும். அதுதான் அவர் பெயர் போலிருக்கிறது என்று நானும் பிடித்துக்கொண்டேன். அவரும் திருத்தவில்லை, நேரமில்லை.

அந்த ஊரில், அவர் பிரசவம் பார்த்த முதல் பிள்ளை என்ற உரிமையில், அவரை 'அம்மா' என்று கூப்பிட்ட ஒரே பிள்ளை அன்புச்செல்வி.

3

அவளைக் கெட்டவளாக்க மூன்று வரைவுகளில் முயன்றேன். ஒன்றில் பேராசைக்காரி, இன்னொன்றில் வாயாடி. நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறாள். போன வருடம் அம்மா விழுந்து இடுப்பு முறிந்தபோது நான் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டு வாடகை அறையில், ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் அவள் அம்மாவுக்குத் தலைவாரி, பூவும் வைத்திருந்தாள். பதினோரு நாள் கட்டில் பக்கத்திலேயே படுத்தாள்.*

* நான் நான்கு நாள். வாசகர் எண்ணிப் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

4

தேதிகளைச் சரிபார்க்கப் பழைய பிரசவப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி: கார்த்திகை தீபம், மாலை நான்கு மணி, பெண் குழந்தை, தாய் அருணாதேவி. அது அன்புச்செல்வி. என் பிறந்தநாளும் அதே நாள்தான். ஆனால் என் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'வீடு' என்று இருக்கும். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பழைய ஆயா உண்ணாமலை என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துச் சிரித்தது.

"இதுல உன்ன எங்க தேடற? நீ காலையிலயே பொறந்துட்ட. இதே ஆஸ்பத்திரி, மொதக் கட்டிலு. தீபத்துக்கு ஜனம் ஜாஸ்தி, டாக்டரு வண்டி டவுன தாண்டல. நான்தான் உன்ன கையில வாங்கனேன். மத்தியானம் அருணாதேவி வலியோட வந்தா. சிஸ்டரு உன்ன எங்கிட்ட குடுத்துட்டு எழுந்து போயிட்டாங்க."

பிறந்து ஒரு பொழுது முடிவதற்குள் என் கட்டிலையும் தாயையும் அவளுக்குக் கொடுத்தாயிற்று.

5

அம்மாவிடம் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு. சண்டைக்குப் போனேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"குடோன்ல போயி புள்ள பெத்துக்கறதானு ரெண்டு மாசமா ஒருத்தியும் வரல. நோட்டு காலியா கெடந்துச்சு. மொத பேரே நர்ஸு புள்ளன்னா, வேற போக்கில்லாம இங்க பெத்துக்கிட்டான்னுதான நெனப்பாங்க, ஊர்ல எவ நம்பி வருவா? ஊருப் புள்ளயா இருக்கட்டும்னு எழுதனேன். அடுத்த மாசமே ஏழு பேரு வந்தாங்க."

"அப்ப நான்?"

"உன்ன வீடுன்னு எழுதனேன். பொய் ஒண்ணும் இல்ல. எனக்கு அதான வீடு."

(இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். அழுதேன்.)

6

முடிவு அ: உண்மையை எழுதுகிறேன். சால்வை எனக்கு. அன்புச்செல்வி கீழே உட்கார்ந்து கைதட்டுகிறாள். அவள் மனதாரத் தட்டுவாள், அதுதான் தாங்காது.

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறேன். பெருந்தன்மையானவள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

முடிவு இ யோசிப்பதற்குள் நேற்று அவளே போன் செய்தாள். "எழிலு, சால்வைய அம்மா கையால போடச் சொல்லு. வேற யாரும் வேணாம்"னாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டு, வெகுநேரம் வாசலில் நின்று தீபம் ஏற்றும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மலர் அச்சகத்துக்குப் போகிறது. முதல் பக்கம் இப்படி இருக்கிறது:

முதல் குழந்தை: ............
தாய்: கஸ்தூரி

மேல் வரியை நீங்களே நிரப்புங்கள். எந்தப் பெயர் எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். கீழ் வரியை மட்டும் தொடாதீர்கள்.