பத்தாவது தடவை

தையல்காரிக்கு நாற்பது வயதில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் ஆசை வந்தது. வகுப்பில் சேர்ந்த வாரமே கை துறுதுறுக்க, புருஷனுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தாள். பஸ் டிரைவரான அவருக்குத் தோள்பட்டை நழுவி, கையைத் தூக்கி இறக்கும் பயிற்சி, வேளைக்குப் பத்துத் தடவை. ஒன்று குறைந்தாலும் தோள் இறுகிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். எண்ணிக்கையில் மனுஷன் கோட்டை விடுவார் என்று இவளுக்குச் சந்தேகம். திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஒன்று போட்டு, ஐந்து நொடிக்கு ஒரு எண் திரையில் பெரிதாக வரும்படி செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று வந்ததுமே சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் குதித்தாள். மிச்சத்தைப் பார்க்காமல் தையல் கடைக்கு ஓடிவிட்டாள்.

ஒரு மாதம் போனது. விடிந்தால் டாக்டர் தோளைப் பார்த்து, பஸ் ஓட்டலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். அன்றைக்குப் பார்த்து வகுப்பில் டீச்சர் சாவகாசமாகச் சொன்னாள்: "எதுலேர்ந்து எதுவரைன்னு சொல்ற ரேஞ்ச்ல ஒன்னு, பத்துன்னு குடுத்தா ஒன்பதோட நின்னுடும். முடிவு எண்ணை அது தொடாது. பத்து வரணும்னா பதினொன்னுன்னு போடுங்க."

இவள் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். தினம் மூன்று வேளை, முப்பது நாள். தொண்ணூறு தடவை குறைந்திருக்கிறது! செருப்பைச் சரியாக மாட்டாமலே வீட்டுக்கு ஓடினாள்.

"என்னங்க, உங்க கையை நானே கெடுத்துட்டேன்! அது ஒன்பதோட நின்னுடுதாம்!"

"தெரியுமே. மொத நாளே பார்த்தேன்," என்றார் அவர், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தபடி.

"அப்போ பத்தாவது?"

"அது நின்னதும் நானே ஒன்னு தூக்கிக்குவேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னவாம்?"

"அன்னிக்கு நீ குதிச்ச குதி இருக்கே! அதைப் பார்த்தப்புறம் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

திட்டத்தான் வாயெடுத்தாள், அழுகையும் சிரிப்பும் முந்திக்கொண்டன. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்ப் பத்தை அழித்துப் பதினொன்று என்று அடித்தாள்.

"தூக்குங்க, பார்க்கிறேன்."

இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். திரையில் பத்து வந்தபோது அவர் கை காதை ஒட்டி நேராக நிமிர்ந்து நின்றது. டாக்டர் சொல்ல இனி ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கையை அல்ல, அவர் முகத்தை. இந்த முகத்தை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்து எத்தனை வருஷமாயிற்று!