ஒரு மங்கள வார்த்தை நேரம்

இடது கை தூக்க வரவில்லை. ஜோசஃபின் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் கணவனின் விறைத்த முழங்கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள். கை விலகியதும் அக்குளில் அது தெரிந்தது. எலுமிச்சம்பழ அளவு இருந்தது. மேல்தோல் கறுத்துப் பளபளத்தது. அவள் தோளிலிருந்த துணி வழுக்கித் தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்தது.

மழையில் நனைந்த காய்ச்சல் என்றுதான் ரெமிஜியஸ் சொன்னான். விடிகாலையில் உயிர் போகும்வரை நான்கு நாளும் அதையேதான் சொன்னான்.

உடம்பைப் பேணுவதில் அவனை மிஞ்ச அல்சூரில் ஆள் கிடையாது. மார்கழிக் குளிரிலும் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வான். கர்லாக்கட்டை சுற்றுவான். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்து, முந்தின நாள் சாப்பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வான். ஜோசஃபினின் மோர்க்குழம்பு பலமுறை குற்றவாளி ஆகியிருக்கிறது.

தானியக் கிடங்கில் எடை போடுகிற வேலை அவனுக்கு. இந்த வருஷம் கிடங்கில் எலிகள் செத்து விழ, ஊரில் பிளேக் பரவத் தொடங்கியதும் வீட்டில் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தான். காலை ஜெபம் முடிந்ததும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இடத்திலும், மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிக்கும்வரை விரல் அசையாமல் நிற்க வேண்டும்.

“அவசரப்பட்டா உடம்பு ஒண்ணும் சொல்லாது. கையத் தேச்சு, சூடு பண்ணிக்கிட்டுத் தொடு. சில்லுன்னு தொட்டா சதை இறுகிக்கும்” என்பான்.

ஒன்பது வயது நோராவுக்கு அது விளையாட்டு. அப்பாவைப் போலவே உள்ளங்கைகளைத் தேய்த்து ஊதுவாள். ரெமிஜியஸ் மட்டும் சமையலறைக்குப் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வான். ஜெபம் ஜோசஃபினுக்குக் கேட்கும். கடைசி நான்கு நாளும் ஜெபம் பாதியில் நின்று, “ஒண்ணுமில்ல” என்று குரல் வந்தது. காய்ச்சல்காரனுக்கு மூச்சு வாங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“ஆச்சாம்மா?” கதவுக்கு வெளியே கணவனின் அண்ணன் ஆம்ப்ரோஸ் நின்றிருந்தார். “பத்து மணிக்கு டாக்டரும் சர்க்கார் ஆளுங்களும் உடம்பப் பாக்க வந்துடுவாங்க. கல்யாணக் கோட்ட மாட்டி விடு. எல்லாப் பட்டனும் போடு. நெஞ்சு வலின்னு சொல்லிக்கலாம்.”

“கோட்டு எதுக்கு மாமா?”

ஆம்ப்ரோஸ் தெரு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“வியாழக்கிழமையே சொன்னான். நெறி கட்டியிருக்குன்னு. ஜோசஃபின் கிட்ட சொல்லிடாதண்ணே, பயந்துடுவா, எல்லாரையும் கேம்ப்புக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்கன்னான். நான் என்னம்மா பண்றது?”

பிளேக் என்று தெரிந்தால் வீட்டோடு எல்லாரையும் அடைத்து வைக்கும் இடம் அது. பக்கத்துத் தெரு டொமினிக் குடும்பம் ஐந்து பேராக அங்கே போய் இரண்டு பேராகத் திரும்பியது. வந்து பார்த்தபோது வீட்டின் ஓடுகளைப் பிரித்துப் போட்டு, துணிமணியெல்லாம் கொளுத்தியிருந்தார்கள். மறைத்துவிட்டால் ரெமிஜியஸுக்குக் கோயில் மணி அடிக்கும், கல்லறையில் அவன் அப்பா பக்கத்தில் இடம் கிடைக்கும். சொன்னால் சுண்ணாம்பு கொட்டி மூடுகிற பொதுக்குழிதான்.

அவள் கோட்டை மாட்டினாள். கழுத்துப் பட்டன் வரை போட்டாள்.

பிறகு அடுப்பிலிருந்த வெந்நீரைக் கைகளில் ஊற்றி, சோப்பைத் தேய்த்து, மறுபடியும் ஊற்றினாள். தோல் சிவந்துவிட்டது. தன் அக்குளில் விரல் வைத்தாள். நெஞ்சு அடிப்பதுதான் விரலில் தெரிந்தது. பிறந்ததிலிருந்து சொல்லிவந்த ஜெபம் பயத்தில் மறந்துபோயிற்று. திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அங்கே ஒன்றுமில்லை. மற்ற இடங்களிலும் ஒன்றுமில்லை.

நோரா விடிந்ததிலிருந்து கொல்லையில் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கிட்டே வரக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஜோசஃபின் கிணற்றடிக்குப் போய் நின்றாள்.

“நோரா, காலைல பாத்துக்கிட்டியா?”

“பாத்தேம்மா.”

“இன்னொரு தடவ பாரு. நான் இங்கயே நிக்கறேன்.”

நோரா எழுந்து உள்ளங்கைகளைத் தேய்த்தாள், ஊதினாள். கழுத்தில் விரல் வைத்து ஜெபத்தை நிதானமாகச் சொல்லி முடித்தாள். வலது அக்குளிலும் அப்படியே முழுசாகச் சொன்னாள். இடது அக்குளுக்கு விரல் போனது. ஜெபம் பாதிகூட ஆகவில்லை.

“ஒண்ணுமில்லம்மா.”

சமையலறைக்குப் பின்னாலிருந்து வந்த அதே குரல். ஜோசஃபின் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜெபத்த ஏன் முடிக்கல?”

நோரா கொய்யா மரத்தைப் பார்த்தாள். “சொன்னா நீ பயந்துடுவேன்னு அப்பா சொன்னாரும்மா.”

தெருமுனையில் குதிரை வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. ஆம்ப்ரோஸ் கொல்லை வாசலுக்கு ஓடிவந்தார்.

“வந்துட்டாங்க! நீ ஜல்தியா உள்ள வா. நெஞ்சு வலி, ஞாபகம் வச்சுக்கோ.”

“வாசக் கதவத் தெறந்து வைங்க மாமா.”

“என்னம்மா சொல்றே?”

“டாக்டர் உள்ள வரட்டும். இவள மொதல்ல பாக்கட்டும்.”

“ரெமிஜியஸ…”

“அவர அப்புறம் பாக்கட்டும்.”

ஆம்ப்ரோஸ் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். உள்ளே திரும்பினார்.

ஜோசஃபின் மகளருகே போய் மண்டியிட்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்தாள். அத்தனை வெந்நீர் ஊற்றியும் கைகள் சில்லிட்டிருந்தன. ஊதினாள், மறுபடியும் தேய்த்தாள். நோரா இடது கையைத் தானே தூக்கிக் காட்டினாள். தோளுக்கு மேலே போகவில்லை.

“சில்லுன்னு இருக்கும்மா.”

“கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு.”

விரலை வைத்து, மங்கள வார்த்தையை ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல ஆரம்பித்தாள். வாசலில் தாழ்ப்பாள் விலகியது. கனத்த பூட்ஸ் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்தது. ஜெபம் முடியும் இடம் வந்ததும் அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.