அரைவட்டப் படிக்கட்டில் தண்ணீர்

“வெங்காயத்தைத் தணல்ல போட்டுக் கருக்கிக் கொடுத்தான், அதைப் போயி—”

“வெங்காயம் இல்ல, வெங்காயத்தாள். கதை சொன்னா ஒழுங்கா சொல்லணும்.”

“தாளோ தண்டோ, கையெல்லாம் கரி. சின்னப் புள்ளைக்குக் கட்டுத மாதிரி கழுத்துல ஒரு துணி. தலையை அண்ணாந்து வாய்க்குள்ள விட்டுக்கிட்டு—”

“பாதாமும் காஞ்ச மிளகாயும் பூண்டும் அரைச்ச சட்னியில தொட்டு. அதைச் சொல்லவே மாட்டாரு பாரு கண்ணகி. நான் ஆறு தின்னேன்.”

“எட்டு.”

கணவன் மனைவி இருவருக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் செடிக்குத் தண்ணீர் விட்டவள்; சாவியைக் கொடுக்க வந்து மாட்டிக்கொண்டாள்.

“எட்டா? நீங்க சைவமாச்சேன்னு நெனச்சிக்கினு இருந்தேன், பட்டினியாதான் கெடப்பீங்கன்னு. ஒரு சுத்து ஏறிதான் வந்துக்கிறீங்க அக்கா.”

விஜயகுமாரி சிரித்தாள். சங்கரலிங்கம் சிரிக்கவில்லை.

ஸ்பெயினில் ஒரு கடலோர ஊரில் மகள் காயத்ரி இருக்கிறாள். மூன்று வாரம் அங்கே இருந்துவிட்டு வந்திருந்தார்கள். ஜூனில் சங்கரலிங்கத்துக்கு ரிட்டயர்மென்ட். அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இருவரும் தன்னோடு வந்து இருந்துவிடும்படி காயத்ரி கேட்டிருந்தாள். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“ஊரு எப்பிடிங்க அண்ணே?”

“ஊரா? இடிஞ்சு கெடக்கு. திரும்பின பக்கமெல்லாம் கல்லு. பாதித் தூணு, பாதிச் சுவரு.”

“ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு,” என்றாள் விஜயகுமாரி. “துணி காயப்போடுற இடத்துக்குப் பின்னாலயே கோட்டைச் சுவரு. கடலைப் பார்த்து அரைவட்டமா படிக்கட்டு, அந்தக் காலத்துல மிருகத்தோட மனுசனைச் சண்டைக்கு விட்ட இடமாம். அங்க இவரு என்ன செஞ்சாருன்னு கேளு.”

“அதை விடு.”

“சொல்லட்டும்ண்ணே.”

“விடுன்னு சொல்லுதேன்.”

விஜயகுமாரி சொன்னாள். படிக்கட்டின் அடிவரிசையில், சுவர் முடியும் இடத்தில், ஈரம் கசிந்துகொண்டிருந்தது. சங்கரலிங்கத்துக்குச் சுரங்கத்தில் வேலையே அதுதான்: அடியில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பிரிவில் ஃபோர்மேன். வெட்டின சரிவின் அடியில் தண்ணீர் தெரிந்தால் மண் இடிந்து விழும்; முதலில் ஆட்களை மேலே ஏற்ற வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் பிறகு. அங்கேயும் அதையே செய்தார். இரண்டு கையையும் வீசி, தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கத்தி, கீழே நின்ற ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாத்தியாரோடு சேர்த்து மேலே ஏற்றிவிட்டார். இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்தவர்களும் அவர்களைப் பார்த்து ஏறினார்கள்.

“அப்புறம்?”

“சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு அரளிச்செடிக்கு ஓஸ் போட்டுட்டு பீடி குடிச்சுக்கிட்டு இருந்தான்.”

“சிகரெட்டு,” என்றார் சங்கரலிங்கம்.

கண்ணகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “எங்க வூட்டாரு இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பாரு. அவரும் இதே செக்‌ஷன்தான. ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்பக்கூட பக்கெட்டு கவுந்தா பம்பு இன்னாச்சின்னு கேட்ட ஆளு.”

“பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சு. வேடிக்கை காட்டுறாருன்னு நெனச்சுக்கிச்சு.”

“நீயும் சிரிச்ச.”

“எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

“மாப்பிள்ளை சசிகுமார் சிரிக்கலை. காவக்காரன்கிட்டப் போயி எனக்காக மன்னிப்புக் கேட்டாரு. அப்புறம் என்னத் தனியா கூட்டிட்டுப் போயி, ‘மாமா, இங்க நீங்க எதுவும் பேச வேண்டாம், எதுன்னாலும் நான் பேசிக்கிறேன்’ன்னாரு. நல்ல விதமாத்தான் சொன்னாரு. பொறவு பதினொரு நாளு நான் அங்க யார்கிட்ட என்ன பேசினேன், சொல்லு.”

விஜயகுமாரி கண்ணகியிடம் திரும்பினாள்.

“நான் காலையில ரொட்டிக்கடைக்குத் தனியா போவேன். தக்காளியப் பாதியா வெட்டி ரொட்டியில தேய்ச்சு, எண்ணெய் விட்டு, உப்புத் தூவித் தருவா கடைக்காரி. மூணாவது நாளு என் பேரு என்னன்னு கேட்டா. குமாரின்னேன். மறுநாள்ல இருந்து தெருவுல பாத்தாலும் குமாரின்னு கூப்பிடுவா. இங்க இத்தன வருஷத்துல எவ என் பேரைக் கேட்டா? ஃபோர்மேன் வீட்டம்மா.”

“நான் அக்கான்னுதான கூப்புடறேன்.”

“உன்னைச் சொல்லலை கண்ணகி.”

“அப்ப போறதுன்னு முடிவாயிடுச்சிங்களா?”

“ஞாயித்துக்கிழம காயத்ரிகிட்ட சொல்லணும்,” என்றாள் விஜயகுமாரி. “இவருக்கு அந்த ஓஸ் விஷயம் ஆறட்டும்னு இருக்கேன்.”

சங்கரலிங்கம் எழுந்து ஃபேன் வேகத்தைக் குறைத்தார். திரும்பி வந்து உட்காரவில்லை.

“வடலூர்ல ஒரு வாடகை வீட்டுக்குச் சொல்லியாச்சு.”

“யாரு சொன்னா?”

“நான்தான். சபைக்குப் போற ரோட்டுல மருதமுத்து அண்ணன் வீடு, மாடி போர்ஷன். ஜூலையில இருந்து நமக்கு.”

“எப்ப சொன்னீங்க?”

“அங்க இருக்கும்போதே. போன்ல.”

“நான் எங்க இருந்தேன்?”

“ரொட்டிக்கடைக்குப் போயிருந்த.”

கண்ணகி சாவியை மேசைமேல் வைத்தாள். எழுந்திருக்கலாமா என்று பார்த்து, யாரும் தன்னைப் பார்க்காததால் அப்படியே இருந்தாள்.

“நம்ம செக்‌ஷன்ல பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க,” என்றார் சங்கரலிங்கம். “காலையில டீக்கடைக்குப் போனா நாலு பேரு இருப்பான். நான் பேசுனா அவனுக்குப் புரியும். வேற என்னத்துக்கு நான் ஆசைப்படுதேன்?”

“தப்புன்னு சொல்லலையே.”

“பொறவு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

விஜயகுமாரி தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். கண்ணகி குடிக்காமல் வைத்திருந்த காபியை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள். சமையலறை வாசல் வரை போய் நின்றாள்.

“ஏங்க, உங்களுக்குச் சோறு பொங்கத் தெரியுமா?”