ஆளுக்கொரு பிடி

நாலாம் நம்பர் மலையின் அடிவாரத்திலிருந்து பனி இன்னும் விலகவில்லை. வேலாயி மற்றவர்களுக்கு வெகு பின்னால் தன் தேயிலை நிரையில் தனியாக நின்று இடது கையால் கொழுந்து கிள்ளினாள். நாலைந்து துளிர் சேர்ந்ததும் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகுக் கூடைக்குள் போட்டாள். வலது கை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் மடிப்புக்குள் செருகிக் கிடந்தது. மேலே ராக்காயியும் மற்றப் பெண்களும் இரண்டு கைகளும் ஓட, நிரையின் முனையை எட்டிவிட்டார்கள்.

"என்னா வேலாயி, ஒவ்வொன்னா மோந்து பாத்துக் கிள்ளுறியா?" கங்காணி அழகுமுத்து கீழே பார்த்துக் கத்தினார்.

"நீங்க ஒத்தக் கையால வேட்டியக் கட்டிப் பாருங்க கங்காணி, அப்பத் தெரியும்," என்றாள் ராக்காயி.

பெண்கள் சிரித்தார்கள். கங்காணியும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

ஐப்பசி மழையில்தான் வேலாயி விழுந்தாள். கூடை நிறையக் கொழுந்தோடு செங்குத்துச் சரிவில் இறங்கும்போது கால் வழுக்கி, வலது மணிக்கட்டு கல்லுக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தோட்டத்து மருந்துக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டைப் பிரித்தபோது விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. எண்ணெய் போட்டு நீவியும் அவை நிமிரவில்லை.

முதலில் அரசாங்கம் கொடுக்கும் பிச்சைச் சம்பளத்துக்கு எழுதிப் போட்டார்கள். ஹட்டனுக்குக் கூப்பிட்டு விசாரித்த குமாஸ்தா அவளுடைய கையைப் பார்க்கவே இல்லை. "பிரஜா உரிமை இருக்கா?" என்று கேட்டான். "இங்கதாங்க பொறந்தேன். எங்க அம்மாவும் இங்கதான்," என்றாள். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அதற்குப் பிறகுதான் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் இராமையா வேறு வழி சொன்னார். வேலை செய்யும்போது பட்ட காயத்துக்கு நட்டஈடு உண்டு, அதற்குப் பிரஜா உரிமை வேண்டியதில்லை என்றார். ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, இனி இது வேலைக்கு உதவாது என்று எழுதிக் கொடுத்தார். தோட்டத்தை நடத்தும் துரையோ, அந்தப் பெண் தினமும் மலைக்கு வருகிறாள், கொழுந்து எடுக்கிறாள் என்று பதில் எழுதினார். அதுவும் உண்மைதான். வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலிக் கணக்கில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அரிசி இல்லை. புருஷன் செத்த பிறகு வேலாயிக்கும் மகள் மீனம்மாவுக்கும் அந்த அரிசிதான் சாப்பாடு. ஒற்றைக் கையால் கிள்ளுவதற்கு அரைப் பேர் போட்டார்கள். அதுவும் மாசக் கடைசி வரைக்கும்தான் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

நட்டஈடு வந்தால் ஒரு கறவை மாடு வாங்கலாம், மஸ்கெலியாக் கடைகளுக்குப் பால் ஊற்றலாம் என்று வேலாயி நினைத்திருந்தாள். குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மாட்டைக் கட்டும் இடத்தைக்கூட மீனம்மா பெருக்கி வைத்துவிட்டாள்.

போன வாரம் இராமையா லயத்தில் அவளுடைய காம்பராவுக்கு வந்தார். வாசலில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"தங்கச்சி, நட்டஈட்டு ஆபீசிலேருந்து ஒரு ஐயா வர்றாரு. சொல்லாமக் கொள்ளாம மலைக்கே வந்து பாப்பாராம். ஒன்னால எவ்வளவு முடியுதோ அவ்வளவு மட்டும் எடு. கூடயில வேற ஆளு கொழுந்து இருக்கக் கூடாது."

"ராக்காயிகிட்ட மட்டும் சொல்லிக்கிறேண்ணே."

"ஒருத்திகிட்டயும் சொல்லாத. தொரை காதுக்குப் போச்சுன்னா அன்னிக்கு ஒன்னயக் கொண்டுபோயி புல்லு வெட்டப் போட்டுருவாரு. வந்தவரு எதப் பாப்பாரு?"

மலையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியவள், காய்ச்சலில் எழுந்து வந்தவள், யாராக இருந்தாலும் நிறுவைக்குப் போகுமுன் அவள் கூடையில் ஆளுக்கொரு பிடி கொழுந்து விழும். கங்காணி அந்த நேரம் வேறு பக்கம் பார்ப்பார். துரைக்குத் தெரிந்தால் கொடுத்தவளுக்கும் வாங்கியவளுக்கும் அன்றைய பேர் வெட்டு. ராக்காயி ஒருமுறை பிடிபட்டிருந்தாள். இன்னொரு தடவை பிடிபட்டால் பற்றுச்சீட்டுத்தான், தோட்டத்தை விட்டே போக வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள்.

இராமையா வந்துபோன மறுநாள் ராக்காயி பிடிக் கொழுந்தோடு வந்தபோது வேலாயி கூடையைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாண்டி."

"ஏன்க்கா, எங்கிட்ட வாங்குனா கொறஞ்சிருவியா?"

"வேணாண்டி, விடு."

ராக்காயி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை.

இன்று பகல் நிறுவைக்கு எல்லோரும் கொழுந்து மடுவத்துக்கு இறங்கினார்கள். மடுவத்து வாசலில் துரையின் கார் நின்றது. துரைக்குப் பக்கத்தில் வெள்ளைக் காற்சட்டை போட்ட, கண்ணாடிக்கார மனிதர் ஒருவர் தோல் பையோடு நின்றார். பெண்கள் கூடைகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். வேலாயியின் கூடையில் அடிப் பின்னல் மறையும் அளவுக்குத்தான் கொழுந்து இருந்தது.

"எங்கடி வேலாயி? ஐயா கூப்பிடுறாரு," என்றார் கணக்கப்பிள்ளை.

அவள் கூடையை விட்டுவிட்டு மடுவத்தின் மறுபக்கத்துக்குப் போனாள். வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவள் கையை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார்.

"நோகுதோ?"

"ஆமாங்கய்யா."

"இந்தக் கையாலயோ கொழுந்து எடுக்கிறாய்?"

"இல்லீங்கய்யா, எடக் கையாலதாங்க. அரைப் பேருக்குக்கூட ஒழுங்கா வரமாட்டேங்குது."

அவர் தலையை ஆட்டி, துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரைக்கு முகம் சிவந்தது. "சரி, நிறுத்துப் பாப்பம். பாத்தால் விளங்கும்தானே," என்றார் வந்தவர். வேலாயிக்கு நெஞ்சு லேசானது. கூடையில் அவ்வளவுதான் இருக்கிறது, அதை அவரே பார்க்கப் போகிறார்.

திரும்பி வந்து கூடையைப் பார்த்தாள். அது விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

பெண்கள் ஒன்றும் அறியாதவர்களைப் போல் மலையைப் பார்த்து நின்றார்கள். கங்காணி அழகுமுத்து வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். ராக்காயி மட்டும் வேலாயியைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள்: பயப்படாதே. வேலாயியின் பேரை வெட்ட வந்த ஆள் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். ராக்காயியின் கூடை வாய்க்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது.

கணக்கப்பிள்ளை கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார்.

"பதினாறு றாத்தல்!"

துரை சிரித்தார். கண்ணாடிக்காரர் தராசைக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு வேலாயியைப் பார்த்தார்.

"இது முழுக்க நீ எடுத்த கொழுந்தோ?"

அவள் வாயைத் திறந்தாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி யாருடையது என்பதுதான். ராக்காயியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மாறியது. ஏதோ தப்பாகிவிட்டது என்று அவளுக்கு இப்போதுதான் பட்டது போலிருந்தது.

"சொல்லு. ஆரும் போட்டவையோ?"

"இல்லீங்கய்யா," என்றாள் வேலாயி. "எம் கொழுந்துதாங்க."

"பிறகென்னத்துக்குக் கை ஏலாதெண்டு பெட்டிசம் போட்டனி?"

அவள் மடங்கிய கையைப் படங்குக்குள் செருகிக்கொண்டாள்.

"முழுப் பேருக்கு எடுக்குறவ," என்றார் கணக்கப்பிள்ளை துரையைப் பார்த்து. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து ஒனக்கு அரைப் பேரு கெடையாது, கேட்டுக்க. இந்த நெறை கொண்டா. இல்லாட்டி பேரே இல்ல."

கண்ணாடிக்காரர் பையைத் திறந்து ஒரு தாளில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். நான் என் கையாலேயே கொழுந்து எடுக்கிறேன், இன்று என் முன்னால் நிறுத்ததும் நான் எடுத்ததே என்று இருந்தது. மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். வேலாயி இடது பெருவிரலைக் கொண்டுபோனாள்.

"பொம்பிளையள் வலது கை வைக்கவேணும்."

அவள் படங்குக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. அவள் முயன்றும் அது நிமிரவில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காரின் கதவைச் சாரதி திறந்து பிடித்தான்.

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். தன் இரண்டு விரல்களால் அவளுடைய பெருவிரலைப் பிடித்து நிமிர்த்தினார். வேலாயி பல்லைக் கடித்துக்கொண்டாள். விரலை மையில் உருட்டி, தாளில் அழுத்தி எடுத்தார். விட்டதும் அது பழைய இடத்துக்கே மடங்கிப் போய், உள்ளங்கை முழுக்க மையை அப்பியது.